இழைப்பு மெஷின் நின்றுவிட்டதா? முதலில் பெல்ட்டைப் பாருங்கள்!

பெங்களூருவில் வீட்டு வாசலையோ மொட்டை மாடியையோ பட்டறையாக்கித் தச்சு வேலை செய்யும் தமிழர்கள் பலர். இழைப்புளியோடு மின்சார இழைப்பு மெஷினும் இன்று அவர்கள் கையில் இருக்கிறது.

கதவுச் சட்டம் பாதி இழைத்த நிலையில் திடீரென்று மெஷினின் சத்தம் மாறுகிறது. மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை. மெஷினே போய்விட்டது என்று அதை மூலையில் போட்டால் அன்றைய கூலியும் போச்சு. பெரும்பாலும் போனது மெஷின் அல்ல. பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட்தான்.

ஒட்டினால் நிற்காது

மோட்டாரின் ஓட்டத்தைப் பிளேடு உருளைக்குக் கொண்டுபோவது இந்தப் பெல்ட். 82 மில்லிமீட்டர் அகலம் இழைக்கும் மெஷின்களில் அந்த உருளை நிமிடத்துக்கு 16,000 சுற்று வரை ஓடும். அந்த வேகத்தில், பசை போட்டு ஒட்டிய பெல்ட் நிற்காது. புதிது வாங்குவதே வழி.

காரணம் என்ன?

நாள்பட்டு அறுவது இயற்கை. புதிதாகப் போட்ட பெல்ட்டும் சீக்கிரமே அறுந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மழுங்கிய பிளேடு, ஒரே தள்ளில் ஆழமாக இழைப்பது, பழைய மரத்தில் மறைந்திருக்கும் ஆணி, மூடிக்குள் அடைத்த சீவல், இறுகிய பேரிங் ஆகியவை முக்கியக் காரணங்கள். இவற்றைக் கவனிக்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

மாற்றும் முறை

ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மெஷினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். அறுந்த துண்டுகளையும் சீவலையும் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள்.

இப்போது பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும். கரகரவென்றாலோ இறுகினாலோ பேரிங்கை மாற்றிய பிறகே புது பெல்ட்.

எஸ்.ஜே.பி. ரோடு போன்ற கடைத்தெருவுக்குப் போகும்போது பழைய துண்டையும் மெஷினின் மாடல் எண்ணையும் கொண்டுபோங்கள். நீளமும் வரிகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும்.

பெல்ட்டை முதலில் சிறிய சக்கரத்தில் மாட்டி, பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அதன் மேல் ஏற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் புது பெல்ட் கிழியும். வரிகள் எல்லாம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தனவா என்று பாருங்கள்.

எச்சரிக்கை

சக்கரத்தைச் சுற்றும்போது அடியில் பிளேடும் சுற்றும். விரல் அந்தப் பக்கமே போகக்கூடாது. அவசரம் என்று மூடியில்லாமல் ஓட்டுவதும் கூடாது. பெல்ட் சில நாளில் கிடைத்துவிடும். போன விரல் திரும்பாது.

மூடியைப் பூட்டி, மரத்தில் வைக்காமல் அரை நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கலாம். ஒரு தள்ளுக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் இழைக்காமல் இருந்தால் பெல்ட் நெடுநாள் உழைக்கும்.