காவலுக்கு யார் கூலி கொடுப்பது?

பகலெல்லாம் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் செல்போனில் பி.ஜி.எம்.ஐ. ஆடும் மதுரை காளவாசல் இளைஞருக்கு ஒரு விதி நன்றாகத் தெரியும். தனியாள் ஆட்டத்தில், அதாவது 'சோலோ'வில், எதிரில் வருபவரோடு கூட்டு சேர்ந்து மூன்றாம் ஆளை அடித்தால் அது ஏமாற்று வேலை. புகார் போனால் கணக்கை முடக்கிவிடுவார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்ச வேண்டிய ஆட்டத்துக்கு அந்த விதி நியாயம்தான். ஆனால் கூட்டு சேரத் தடையே இல்லாமல், வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஆன்லைன் உலகங்களும் உண்டு. அங்கேயும் ஒரு சிறு கொள்ளைக் கூட்டம் ஏராளமான தனியாட்களைச் சூறையாடிக் காலம் தள்ளுகிறது. இத்தனை பேர் திரண்டு அந்தச் சிலரை ஏன் விரட்டுவதில்லை? பயம், சோம்பல், சுயநலம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சேராமல் இருப்பதுதான் அவரவர் கணக்குக்கு லாபமாக இருக்கிறது. அந்தக் கணக்கு அப்படி அமைந்ததற்கு ஆட்டத்தை வடிவமைத்தவர்களே பொறுப்பு.

ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் 2003-இல் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்' விண்வெளி ஆட்டத்தைப் பாருங்கள். பாதுகாப்பான பகுதி என்று பெயர் பெற்ற இடத்தில் ஒருவர் தன் கப்பலை நிறுத்தி, விண்கல்லிலிருந்து தாது எடுத்துக்கொண்டிருக்கிறார். விலை மலிந்த சிறு கப்பல்களில் நாலைந்து பேர் வந்து சுடுகிறார்கள். 'கான்கார்ட்' என்ற ஆட்டத்தின் போலீஸ் சில விநாடிகளில் வந்து சேரும். அதனிடமிருந்து யாரும் தப்ப முடியாது. ஆனால் அதற்குள் தாதுக் கப்பல் உடைந்து போயிருக்கும். தங்கள் கப்பல்களும் போகும் என்று தெரிந்து, அந்தச் செலவையும் கணக்குப் போட்டுத்தான் கொள்ளையர் வருகிறார்கள். சிதறிய சரக்கை அள்ள அவர்களின் கூட்டாளி ஒருவர் பக்கத்தில் காத்திருப்பார். இப்போது அதே இடத்தில் காவலுக்கு ஒருவரை நிறுத்திப் பாருங்கள். இன்னும் குற்றம் செய்யாத ஆளை அவர் முந்திக்கொண்டு சுட்டால் போலீஸ் அவரையே அழித்துவிடும். காத்திருந்தால் கையில் இருப்பது சில விநாடிகள். ஜெயித்தாலும் கிடைப்பது மலிவுக் கப்பலின் உடைசல்கள். அன்று மாலை எடுத்திருக்கக்கூடிய தாது நஷ்டம். விரட்டப்பட்டவர்கள் அடுத்த மண்டலத்துக்குப் போய்த் தொழிலைத் தொடர்வார்கள். காவலுக்கு வராதவருக்கும் வந்தவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றே. எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நன்மைக்காகத் தனி ஒருவர் உழைக்க முன்வருவது அரிது என்று பொருளியல் அறிஞர் மன்கர் ஓல்சன் 1965-இல் விளக்கியது இதைத்தான்.

கொள்ளையருக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2012-இல் அதே ஆட்டத்தில் 'நியூ ஆர்டர்' என்ற கூட்டம், வருடத்துக்கு ஒரு கோடி ஆட்டப் பணம் கட்டி 'அனுமதிச் சீட்டு' வாங்கினால் தொந்தரவு இருக்காது என்று அறிவித்தது. கேட்க மலைப்பாக இருந்தாலும், பெரிய தாதுக் கப்பலின் விலைக்கு முன்னால் அது சில்லறைக் காசு. படை திரட்டுவதைவிட மாமூல் கொடுப்பது மலிவு என்று ஆகிவிட்டால் படை எப்படித் திரளும்?

கணக்கை விட்டுவிட்டாலும் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. கூட்டணிக்கு வா என்று அழைப்பவர் கொள்ளையரின் ஒற்றராக இருக்கலாம். இது வீண் சந்தேகமல்ல. 2009 பிப்ரவரியில், ஈவ் உலகில் அசைக்க முடியாததாகக் கருதப்பட்ட 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' கூட்டணியை, நிர்வாக அதிகாரம் வைத்திருந்த உள்ளாள் ஒருவரே எதிரியின் பக்கம் சாய்ந்து கலைத்துப் போட்டார். பல வருடம் சேர்ந்து போரிட்டவர்களுக்கே அந்தக் கதி என்றால், முகம் தெரியாத நாலு பேரை நம்பத் தயங்குபவரைக் கோழை என்று எப்படிச் சொல்வது?

நம் பக்கத்து வரலாறு இதற்கு நேர்மாறானது. இடைக்கால வணிகர்களுக்கும் வழிப்பறி இருந்தது, காடு இருந்தது, கடல் இருந்தது. ஆனாலும் அவர்கள் கூடினார்கள். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு தமிழகம், ஆந்திரம், கர்நாடகம், இலங்கை என்று பரவி இயங்கியது. சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுச் சென்றது. அதற்கு ஆயுதம் ஏந்திய வீரர்கள் இருந்தார்கள். எறிவீரபட்டினம் என்று அறிவிக்கப்பட்ட காவலுள்ள வணிக ஊர்கள் இருந்தன. மதுரைக்கு வடகிழக்கே, சிங்கம்புணரி அருகிலுள்ள பிரான்மலைக் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல ஊர் வணிகர்கள் கூடி, விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே மகமை விதித்துக்கொண்டதை அது சொல்கிறது. அந்தப் பணம் கோயிலுக்கானது, காவலுக்கானது அல்ல. நான் கவனிப்பது வசூலித்த முறையை. மூட்டை கைமாறும்போதே பங்கு எடுத்துவைக்கப்பட்டது. யாரும் தனியாக மனம் வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதோடு, ஏமாற்றியவர் மறு வருடமும் அதே சந்தைக்கு, அதே பெயரோடுதான் வந்தாக வேண்டும். ஆன்லைனில் பழைய பெயரை உதறிப் புதுக் கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம் போதும்.

வணிகருக்கு அது பிழைப்பு, இவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு, ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிடத்தான் வேண்டும். பொழுதுபோக்கு என்பதாலேயே ஆட்டக்காரருக்கு வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்கிறது. 1997-இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' இதற்குச் சாட்சி. கொலைகாரர்களை ஆட்டக்காரர்களே அடக்கிக்கொள்வார்கள் என்று அதை உருவாக்கியவர்கள் நம்பினார்கள். அது நடக்கவில்லை. 2000-இல் நிறுவனமே உலகத்தை இரண்டாக்கி, சம்மதமில்லாமல் ஒருவரை ஒருவர் கொல்ல முடியாத 'ட்ராமெல்' பகுதியைத் திறந்தது. பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். இன்னொரு ஆட்சேபம்: கொள்ளையரை எதிர்த்துத் திரண்டவர்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சண்டையே பிடித்தமானவர்கள். திரட்டும் திறமையும் நேரமும் உள்ளவர் சீக்கிரமே ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்துவிடுகிறார். தனியாளாக மிஞ்சுபவர், வேலை முடிந்து கிடைக்கும் ஒரு மணி நேரத்தை யாருக்கும் கடமைப்படாமல் கழிக்க வந்தவர். அவரிடம் போய் இன்று இரவு காவல் முறை உன்னுடையது என்று சொல்வது அநியாயம்.

ஆகவே கேட்க வேண்டியது வடிவமைப்பாளர்களிடம். ஈவ் சந்தையில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஏற்கெனவே வரி உண்டு. அந்தப் பணம் ஆட்டத்திலிருந்து அப்படியே மறைந்துவிடுகிறது. அதில் ஒரு பங்கைக் காவலர் கூலியாக மாற்றலாம். கொள்ளையரின் தலைக்கு விலை வைத்தால் மோசம் போவோம். ஈவில் முன்பு இருந்த அத்தகைய முறையில் நண்பர் கையால் செத்து, தன் தலைக்கான பரிசைத் தானே வாங்கிக்கொண்ட கொள்ளையர் உண்டு. எனவே சரக்கு பத்திரமாகச் சேர்ந்த பிறகு கூலி கொடுக்க வேண்டும். இதற்கு முன்மாதிரி அதே ஆட்டத்தில் இருக்கிறது. அங்கே சரக்கை ஏற்றிச் செல்பவர் முதலில் ஈட்டுத் தொகை கட்டுகிறார். சரக்கு சேராவிட்டால் அது அனுப்பியவருக்குப் போய்விடும். ஒருவரை ஒருவர் அறியாத ஆட்டக்காரர்கள் அந்த ஏற்பாட்டை நம்பி அன்றாடம் சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.