அரளிக் கவாத்தும் தோட்டத்து நாயும்

கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2024 மே மாதத்தில், தன் கோயில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தபோது, அந்தச் செடியின் நஞ்சு பல ஊர்களுக்குப் புதுச் செய்தியானது. செவ்வரளியும் வெள்ளரளியும் பயிரிட்டுச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவரும் பனமரத்துப்பட்டி வட்டாரத்துக்கு அது செய்தியே அல்ல. ஆடு வாய் வைக்காது என்பதே அங்கு அரளிக்குரிய நற்பெயர். ஆனால் ஆட்டைப் போலத் தழையை மேயாமல், கண்ட குச்சியையெல்லாம் கடித்து விளையாடும் தோட்டத்து நாயைப் பற்றி எவரும் அதிகம் யோசிப்பதில்லை.

நாய்க்கு ஆகாத செடிகள் என்று கைப்பேசியில் உலவும் நீண்ட பட்டியல்கள் இதற்கு உதவுவதில்லை. ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களால் வாயை எரியவைத்து எச்சில் வடியச் செய்வதோடு பெரும்பாலும் நின்றுவிடும் மணி பிளாண்டும், சில இலைகளிலேயே இதயத்தை நிறுத்தக்கூடிய அரளியும் அவற்றில் ஒரே வரிசையில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் அஞ்சச் சொல்லும் பட்டியல், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

அரளியின் முதன்மை நஞ்சான ஒலியாண்ட்ரின், இதயக் கிளைக்கோசைடு என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது சர்க்கரைக் கூறு ஒன்று ஒட்டிய, இதயத்தைத் தாக்கும் சேர்மம். அது குறிவைப்பது செல்லின் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பை. வெட்டிக்கொண்டிருக்கும் கிணற்றில் ஊற்று சுரந்தபடியே இருக்க, அடியில் ஆட்கள் வேலை செய்ய வேண்டுமானால் மேலே மோட்டார் ஓயாமல் இறைக்க வேண்டும் அல்லவா, அதுபோலச் செல்லுக்குள் கசியும் சோடியத்தை இந்தப் பம்பு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று அயனிகளாக வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. உவமையை இன்னும் சற்று இழுத்தால், மேலிருந்து உள்ளே விழும் ஊற்று நீரின் வேகத்தில் சுழலும் ஒரு சக்கரம், அடியில் சேரும் மண்ணைக் கூடை கூடையாக மேலே அனுப்புகிறது என்றும் கொள்ள வேண்டும். கிணறு வெட்டும் எந்த மேஸ்திரியும் அப்படியொரு சக்கரத்தை நம்பமாட்டார், ஆனால் இதயத்தசைச் செல், உள்ளே பாயும் சோடியத்தின் விசையைக் கொண்டே கால்சியத்தை வெளியேற்றுகிறது. ஒலியாண்ட்ரின் வெளிப்புறத்திலிருந்து பம்பில் ஒட்டி மோட்டாரை நிறுத்துகிறது; நீர்மட்டம் ஏற ஏற, விழும் வேகம் குறைந்து சக்கரம் தளர, மண் தேங்குகிறது. தசையைச் சுருங்கச் சொல்வதே கால்சியம் என்பதால், சிறிது தேங்கினால் துடிப்பு வலுப்படுகிறது, மேலும் தேங்கினால் முறை தவறிய துடிப்புகள் எழுகின்றன. கூடவே, உள்ளே போக முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் உயர்ந்து நிலைமையை இன்னும் கெடுக்கிறது. நாய்களின் இதயத் தளர்ச்சிக்குக் கால்நடை மருத்துவர்கள் கொடுக்கும் டிகாக்சினும் இதே பம்பைத்தான், அளவோடு, தடுக்கிறது.

வரலாறு என்று பார்த்தால், டிகாக்சினின் உறவான டிஜிட்டாலிஸ் மூலிகையைப் பற்றி வில்லியம் விதரிங் 1785இல் எழுதினார். நண்டின் நரம்பை ஆராய்ந்து பம்பைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கூவின் கட்டுரை 1957இலும் அதற்கான நோபல் பரிசு 1997இலும் வந்தன. 2020இல் இதே ஒலியாண்ட்ரினைக் கொரோனாவுக்கு மருந்தென்று அமெரிக்காவில் சிலர் விற்க முனைந்ததையும் வேண்டுமானால் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லா உயிர்களின் பம்பும் ஒரே மாதிரி அல்ல என்பது இதைவிடச் சுவையானது. எலியின் இதயத்தில் இந்தப் பம்பு சிறிது உருமாறியிருப்பதால் நஞ்சு அதில் எளிதில் ஒட்டுவதில்லை. எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கும் அத்தகைய மாற்றமே காவல். நாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மழைக்காலத்தில் தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளித் தடுமாறுவதிலும், தேரையின் தோல் சுரக்கும் இதே இனத்து நஞ்சுக்குப் பங்குண்டு.

பச்சை அரளியின் கசப்பு நாயை ஓரளவு விலக்கிவைக்கும். கவாத்து செய்து வரப்பிலோ கிணற்று மேட்டிலோ போட்ட கிளைகள் காய்ந்தபின், நஞ்சு அப்படியே இருக்க, தயங்கவைக்கும் கசப்பு மட்டும் மங்கிவிடுவதால், நாய் கட்டியிருக்கும் தோட்டத்து வீடுகளில் பூத்து நிற்கும் செடியை வெட்டி எறிவதைவிடக் கவாத்துக் குச்சியை அன்றன்றே அப்புறப்படுத்துவதே பயன் தரும். அதை எரிப்பதும் தீர்வல்ல, புகையிலும் நஞ்சுண்டு.

கடித்துவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு, துடிப்பு மந்தமாதல் அல்லது தாறுமாறாதல் என்று சில மணி நேரத்துக்குள் தெரியலாம். மஞ்சள் அரளிக் கொட்டையைத் தின்ற மனிதர்களுக்கு டிகாக்சின் எதிர்ப்பொருள் பலன் தருவதை இலங்கையில் நடந்து 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. விலை மிகுந்த அந்த மருந்து நாய்க்குக் கிடைப்பது அரிது என்பதால், குடலிலுள்ள நஞ்சைப் பிடிக்கும் கரித்தூளும், மந்தமான துடிப்பைத் தூண்டும் அட்ரோபினும், இ.சி.ஜி. கண்காணிப்புமே சிகிச்சை. 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ போகும்போது கடித்த குச்சியின் ஒரு துண்டையும் எடுத்துச் செல்வது நோயறிதலைச் சுருக்கும். வழியில் வாந்தி எடுக்கட்டும் என்று உப்புக் கரைசலைப் புகட்டுவது மட்டும் கூடாது. அந்த உப்பே நாய்க்கு இன்னொரு நஞ்சாகிவிடலாம்.