ஒரே அறை வீட்டில் ஒரு திரைச்சீலை



சில ஆண்டுகளுக்கு முன்பு உல்லாஸ்நகரில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவர்கள். பத்தடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமுமுள்ள ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் மோரி. அதற்குள் தகப்பன், தாய், வயது சென்ற தாத்தா, வேலைக்குப் போகும் மகன், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் என ஐந்து பேர் குடியிருந்தார்கள்.

பேச்சின் நடுவே அந்தத் தாயார் குரலைத் தாழ்த்தி, "ஐயா, இந்தப் பிள்ளை உடை மாற்ற வேண்டுமென்றால் நாங்கள் எல்லாரும் வெளியே போய் நிற்கிறோம். மழைக்காலத்தில் படுத்திருக்கிற தாத்தாவையும் எழுப்ப வேண்டியதாகிறது" என்றார்கள். மகள் தலைநிமிரவேயில்லை. நமது சபைக் குடும்பங்கள் அநேகவற்றில் இதே நிலைமை உண்டு என்பதை நான் அறிவேன். ஆயினும் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெரிய வீட்டிற்குப் போங்கள் என்று சொல்வது எளிது. அதற்கான பணத்திற்கு எங்கே போவார்கள்?

உடன் வந்திருந்த என் மனைவிதான் பதில் சொன்னார்கள். "அக்கா, வீட்டில் பழைய நூல் சேலை இரண்டு இருக்கிறதா?"

பழைய ஊர், பழைய தேவை

திரைச்சீலையை அலங்காரப் பொருள் என்றே பலர் எண்ணுகிறோம். உல்லாஸ்நகரின் சரித்திரம் வேறுவிதமாய்ச் சொல்லுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது கல்யாண் அருகே அமைக்கப்பட்ட இராணுவ முகாமே இவ்வூரின் தொடக்கம். 1947-இல் தேசம் பிரிக்கப்பட்டபோது, சிந்து மாகாணத்திலிருந்து வீடு வாசல்களை விட்டு வந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் இங்கே குடியேற்றப்பட்டார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று, அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த நமது இராஜாஜி அவர்கள் இந்நகரத்திற்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்றும் இவ்வூரின் பகுதிகள் முதலாம் கேம்ப் முதல் ஐந்தாம் கேம்ப் வரை என்றே அழைக்கப்படுகின்றன.

சிப்பாய்களுக்கென்று கட்டப்பட்ட நீண்ட பாரக்குகளில் பல குடும்பங்கள் ஒன்றாய் வாழ வேண்டியதாயிற்று. இடையில் சுவர் இல்லை. சாக்கையும் சேலையையும் போர்வையையும் கயிற்றில் தொங்கவிட்டே ஒரு குடும்பத்தை மற்றொரு குடும்பத்திலிருந்து மறைத்துக்கொண்டார்கள். அந்தத் துணிக்குப் பின்னால்தான் அவர்களுடைய மானமும் மரியாதையும் காக்கப்பட்டன. பின்னாளில் அதே ஊர் துணி வியாபாரத்திற்கும் ஜீன்ஸ் தைக்கும் தொழிலுக்கும் பேர் பெற்றது.

வேதத்தை வாசிக்கிற நமக்கும் திரைச்சீலை புதிதல்ல. யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் மூடுதிரைகளுக்கு அளவு சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். பத்துத் திரைகளும் ஒரே துணியாய்த் தைக்கப்படவில்லை. ஐந்து ஐந்தாய் இணைத்து, ஓரங்களில் ஐம்பது ஐம்பது காதுகள் வைத்து, கொக்கிகளால் மாட்டினார்கள். கழற்றுவதற்கும் சுமப்பதற்கும் அதுவே வசதி. அளவெடுத்துச் செய்தல், கையாளக்கூடிய பாகங்களாய்ச் செய்தல் ஆகிய இவ்விரண்டையும் நம் வீட்டுத் திரைக்கும் கைக்கொள்ளலாம்.

இரண்டு சேலை, நான்கு பட்டைகள்

அந்தத் தாயாரிடம் இருந்தவை, மரித்துப்போன தம் அம்மாவின் இரண்டு நூல் சேலைகள். பெட்டியின் அடியில் பத்திரமாய் வைத்திருந்தார்கள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்களே தவிர, கத்தரிக்கோலை வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அன்று நாங்கள் வற்புறுத்தாமல், அளவை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த அளவு இதுதான். அறையின் ஒரு மூலையில் 6 அடி, அதாவது 72 அங்குலம் மறைக்க வேண்டும். திரை சுருக்கத்தோடு விழ, துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சேலையின் அகலம் ஏறத்தாழ 45 அங்குலம். மூன்று பட்டைகள் சேர்ந்தால் 135 அங்குலம். 72 அங்குலத்திற்கு இது தாராளம். சேலையின் இரு கரைகளும் நெய்யப்பட்ட ஓரங்களாகையால் பக்கங்களை மடித்துத் தைக்கவேண்டியதில்லை.

இனி உயரம். கம்பியிலிருந்து தரைவரை 78 அங்குலம். வளையத்திற்கும் தரை இடைவெளிக்கும் 2 அங்குலம் கழித்தால் 76. மேல் மடிப்புக்கு மூன்றரை, கீழ் மடிப்புக்கு மூன்றரை கூட்டினால் ஒரு பட்டைக்கு 83 அங்குலம். ஐந்தரை மீட்டர் சேலை ஏறத்தாழ 216 அங்குலம். ஆகவே ஒரு சேலையில் இரண்டு பட்டைகள் வெட்டியபின் 50 அங்குலம் மீதியிருக்கும். அது தலையணை உறைக்கு ஆகும். இரண்டு சேலையில் நான்கு பட்டைகள். மூன்று மூலைக்கு, ஒன்று வாசலுக்கு.

புதுத் துணி வாங்குகிறவர்களுக்கு

தாராவி, மாட்டுங்கா பகுதியினர் மத்திய ரயில் பாதையில் அம்பர்நாத் அல்லது பத்லாப்பூர் வண்டியிலும், செம்பூரிலிருப்போர் குர்லாவில் மாறியும் உல்லாஸ்நகருக்கு வரலாம். கஜானந்த் மார்க்கெட்டைச் சுற்றிலும் துணிக்கடைகள் உண்டு. ஆனால் கணக்கைக் கையில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஜன்னல் 48 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் 4 அங்குலம் கூட்டினால் கம்பி 56 அங்குலம். 48 அங்குல அகலத் துணியில் இரண்டு பட்டைகள் போதும். தைத்து முடிந்த உயரம் 54 அங்குலமானால், இரு மடிப்புகளுக்கும் 7 சேர்த்து 61. இரண்டு பட்டைகளுக்கு 122 அங்குலம். நூல் துணி முதல் சலவையில் சுருங்குமாகையால் மேலும் 6 அங்குலம் சேர்த்து, மூன்றேகால் மீட்டர் வாங்குங்கள்.

இந்தச் சுருக்கத்தை நான் அனுபவத்தினாலே கற்றேன். முதன்முதல் எங்கள் வீட்டிற்குத் திரை தைத்தபோது, "நனைத்து உலர்த்திய பிறகு வெட்டலாம்" என்று மனைவி சொன்னதை நான் கேட்கவில்லை. முதல் சலவைக்குப் பின்பு திரை இரண்டு அங்குலம் மேலே ஏறிக்கொண்டது. வீட்டிற்கு வந்தவர்களெல்லாம் திரையைப் பார்த்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தார்கள்.

தைக்கும் முறை

1. துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள்.

2. வெட்டும் இடத்தில் குறுக்கே ஒரு நூலை உருவுங்கள். அந்தத் தடத்தில் வெட்டினால் கோணாது. பூப்போட்ட துணியானால், எல்லாப் பட்டைகளிலும் பூ ஒரே திசை நோக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. புதுத் துணியின் பக்க ஓரங்களை முதலில் அரை அங்குலமும் பின்பு ஒரு அங்குலமும் மடித்துத் தையுங்கள்.

4. மேற்புறத்தை அரை அங்குலம் மடித்து, மறுபடியும் 3 அங்குலம் மடித்துத் தையுங்கள். ஜன்னல் திரைக்கு, உச்சியிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே இன்னொரு தையல் போட்டால் கம்பி நுழையும் பை உண்டாகும். முக்கால் அங்குலக் கம்பி இதில் தாராளமாய் நுழையும். மூலைத்திரையை நாளெல்லாம் திறந்து மூடுவதால், அதற்குப் பைக்குப் பதிலாக 6 அங்குலத்திற்கு ஒன்றாக வளையங்களைக் கையால் தைத்துவிடுங்கள்.

5. கீழ் மடிப்பை உடனே தைக்காதீர்கள். ஊசி குத்தி ஓர் இரவு தொங்கவிட்டு, தரையிலிருந்து அளவு பார்த்தபின் தையுங்கள்.

கையால் தைப்பவர்கள் இரட்டை நூலில் நெருக்கமாய்த் தையுங்கள். நாட்கள் சற்று ஆகுமேயொழிய வேலை கெடாது.

ஜாக்கிரதை

அடுப்பருகே திரை வேண்டாம். சிந்தெடிக் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நூல் துணியும் சீக்கிரம் பற்றும். நான்கடிக்கு மேல் ஸ்பிரிங் கம்பி தொய்ந்துவிடும். குழாய்க் கம்பியே நல்லது. திரை கட்டும் கயிறு சிறு பிள்ளைகளின் கழுத்துக்கு எட்டும் உயரத்தில் தொங்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் ஈரச்சுவரில் படும் துணி பூஞ்சை பிடிக்கும். திரையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டி, வெயில் கண்ட நாளில் உலர்த்துங்கள்.

திரைக்கு வெளியே நிற்பவர்கள்

ஒரு மாதம் கழித்து மறுபடியும் அந்த வீட்டிற்குச் சென்றோம். மூலையில் திரை தொங்கியது. ஒரு பட்டையின் கீழ் மடிப்புச் சற்று ஏற்ற இறக்கமாயிருந்தது. அது மகள் தைத்தது. தாத்தா தம் இடத்திலேயே உறங்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி வெட்டினீர்கள், அக்கா?" என்று என் மனைவி கேட்டார்கள்.

"என் அம்மா உயிரோடிருந்தால் பேத்திக்காக அவர்களே வெட்டிக் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றியது. அப்புறம் கை நடுங்கவில்லை" என்றார்கள் அந்தத் தாயார்.

அந்நேரம் வேலை முடிந்து வந்த அண்ணன், திரைக்கு முன்னே நின்று, "தங்கச்சி, என் சட்டை உள்ளே இருக்கிறது, எடுக்கலாமா?" என்று கேட்டான். "கொஞ்சம் பொறு அண்ணா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் பொறுத்தான்.

பிரியமானவர்களே, ஒரு திரை தன்னால் தானே யாரையும் காக்காது, காற்றடித்தாலே விலகிவிடும். வெளியே நிற்பவர் குரல் கொடுத்து, உத்தரவு பெற்று உள்ளே போகும்போதுதான் அந்தத் துணி சுவராகிறது. அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பெரியவர்களாகிய நாமும் கடைப்பிடிப்போம். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். அதன் அடியில் இரண்டு நூல் சேலைகள் இருக்கக்கூடும்.