துவரை மாரும் நிலநடுக்கமும்

ஆதிசேஷன் தலையை அசைத்தால் பூமி நடுங்கும் என்பது பாட்டிமார் சொல்லும் கதை. கதை நல்ல கதைதான். ஆனால், "நிஜமாவா?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், காய்ந்த துவரை மார் ஒன்றைக் கையில் கொடுத்து மெல்ல வளைக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் வளைந்து கொடுக்கும். பிறகு படக்கென்று முறியும். அப்போது உள்ளங்கையில் சுரீர் என்று ஓர் அதிர்வு ஏறும். அதுதான் நிலநடுக்கம்.

பூமியின் மேல் ஓடு ஒரே பாறை அல்ல. பல பெரிய தட்டுகள். நம் நாடு இருக்கும் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. ஏறக்குறைய நகம் வளரும் வேகம்தான். இமயமலைப் பக்கம் இன்னொரு தட்டு வழிமறிக்க, அந்த நெருக்கல் தொலைவில் உள்ள பாறைகளிலும் ஏறுகிறது. தாங்காத இடத்தில் பாறை உடைந்து நழுவும்.

2001 ஜனவரி 26 காலை, குஜராத்தின் கட்ச் பகுதியில் அப்படித்தான் உடைந்தது. அஞ்சார் ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் பலர், குறுகிய தெருவில் இருபுறமும் வீடுகள் சரிந்து இறந்துபோனார்கள். பூமி பிளந்து அவர்களை விழுங்கவில்லை, விழுந்தது சுவர். எனவே காரணத்தோடு இதையும் சொல்லிக்கொடுங்கள்: வெளியே இருந்தால் சுவரை விட்டுத் திறந்தவெளிக்கு விலக வேண்டும், உள்ளே இருந்தால் உறுதியான மேசைக்கடியில் தலையை மறைத்துக்கொண்டு, ஆட்டம் நிற்கும்வரை இருக்க வேண்டும்.