சத்தமில்லாமல் மாறிய எச்சரிக்கை

திரைக்குப் பின்னால் – 17

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வருகிற தண்ணீரை வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. வந்தது அத்தனையும் வெளியே போகும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிற இடத்தில், பாசனத்துக்கு வேண்டியது காவிரியில் போக, மிச்ச வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து போனது அப்படி வந்த வெள்ளத்தில்தான். 2022 ஆகஸ்டிலும் 2024 ஆகஸ்டிலும் கொள்ளிடம் மறுபடி இரு கரையும் தொட்டு ஓடியது.

அந்தத் தண்ணீர் அரியலூர் மாவட்டத்தில் தொட்டுப் போகிற ஊர்களில் திருமழபாடியும் ஒன்று. வைத்தியநாத சுவாமி கோயில் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. பங்குனியில் நந்தி கல்யாணத்துக்குத் திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு வருவது கொள்ளிடத்தைக் கடந்துதான். அப்போது பெரும்பாலும் மணல்தான் கிடக்கும். ஆடி, ஆவணியில் அதே மணலில் மாடு மேய்ப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் இருக்கிற நேரத்தில் மேட்டூர் திறக்கப்படுகிறது. திறந்த தண்ணீர் இவ்வளவு தூரம் வந்து சேர நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் கரையில் இருப்பவர் காதில் விஷயம் விழ வேண்டும்.

முன்பு தண்டோரா போட்டார்கள். 2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக நடக்க வைக்காமல் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்பது உத்தரவு. நல்ல உத்தரவு. ஒலிபெருக்கியோடு இன்று போனும் சேர்ந்திருக்கிறது. 2023-ல் மாநிலம் மாநிலமாக எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். தொலைத்தொடர்புத் துறை நடத்திய செல் பிராட்காஸ்ட் சோதனை அது. இவை போக, இணையதளங்கள் பிரவுசர் வழியாக அனுப்புகிற நோட்டிஃபிகேஷன் இருக்கிறது. வங்கி, செய்தித்தளம், ரயில் டிக்கெட் என்று எல்லாரும் பயன்படுத்துகிற வசதி. இதைத் தானியங்கியாகச் சோதிக்கிறவர்கள் எதைச் சோதிக்கிறார்கள், எதைச் சோதிக்காமல் விடுகிறார்கள் என்பதுதான் இந்த வாரம்.

இந்த விஷயத்துக்குத் திருமழபாடி பொருத்தமான ஊர். தம் தலத்துக்கு வராமல் போகிறாரே என்று இறைவனே சுந்தரர் கனவில் வந்து நினைவூட்டியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. நினைவூட்டல் சேர்ந்ததற்கு அங்கே அத்தாட்சி, சுந்தரர் எழுந்து வந்து பாடியது. அனுப்பியவர் கணக்கு அத்தாட்சி அல்ல. நம் சோதனைகளில் பெரும்பாலானவை அனுப்பியவர் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

கொள்ளிடக் கரை மக்களுக்கு வெள்ளச் செய்தி அனுப்பும் ஒரு இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல்முறை திறந்ததும், அறிவிப்பு அனுப்பலாமா என்று பிரவுசர் கேட்கும். சரி என்றால், அந்த போனுக்கென்று ஒரு முகவரியை உண்டாக்கித் தளத்தின் சர்வரிடம் கொடுக்கும். குரோம் என்றால் அந்த முகவரி கூகுளிடம் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் மொசில்லாவிடம். சஃபாரி என்றால் ஆப்பிளிடம். தளம் செய்தியை அவர்களிடம் ஒப்படைக்கும், அவர்கள் போனுக்கு அனுப்புவார்கள். இதற்குத்தான் 'புஷ்' என்று பெயர். போனில் சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரல், தளம் மூடியிருந்தாலும் எழுந்து, செய்தியைக் காட்டும்படி ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளத்திடம் சொல்லும். குரோமில் 2015-ல், ஃபயர்ஃபாக்ஸில் 2016-ல் இந்த வசதி வந்தது. ஐபோனில் 2023 மார்ச்சில்தான் வந்தது, அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும். ஆக, ஒரு செய்தி நான்கு கை மாறி வருகிறது. எந்தக் கையிலும் அது தங்கிவிடலாம்.

இதைச் சோதிக்கத் தொழிலில் இருப்பவை செலினியம், பிளேரைட், சைப்ரஸ் போன்ற கருவிகள். செலினியம் மூத்தது, 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கியது. பிளேரைட் 2020-ல் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்தது. பக்கத்தைத் திற, பட்டனை அமுக்கு, வந்த எழுத்தைப் படித்துச் சரிபார் என்று எழுதி வைத்தால் ராத்திரி முழுக்க ஆள் இல்லாமலே செய்துகொண்டிருக்கும். ஆனால் அனுமதி கேட்கிற அந்தப் பெட்டி பக்கத்தைச் சேர்ந்தது அல்ல, பிரவுசரைச் சேர்ந்தது. செலினியத்தின் கை அதுவரை எட்டாது. எனவே டெஸ்டர்கள் பெட்டி வராமலே செய்துவிடுகிறார்கள். குரோமின் அமைப்பில் நோட்டிஃபிகேஷனுக்கு 1 என்று வைத்தால் அனுமதி கொடுத்ததாகக் கணக்கு, 2 என்றால் மறுத்ததாகக் கணக்கு. பிளேரைட்டில் ஒரே வரியில் அனுமதியைக் கொடுத்துவிடலாம். எல்லாரும் 1 வைக்கிறார்கள். டெஸ்ட் பாஸ்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் மொசில்லாவே 2019 நவம்பரில் வெளியிட்ட கணக்கு: ஃபயர்ஃபாக்ஸில் காட்டப்பட்ட அனுமதிப் பெட்டிகளில் 99 சதவீதத்துக்கு யாரும் சரி சொல்லவில்லை. 48 சதவீதத்தை மக்கள் வெளிப்படையாகவே மறுத்தார்கள். மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். லாட்டரி விழுந்தது, போனில் வைரஸ் என்று கண்ட தளமெல்லாம் தொல்லை கொடுத்ததன் விளைவு இது. ஃபயர்ஃபாக்ஸ் அடுத்த ஜனவரியிலிருந்து, பயனர் எதையாவது தட்டாமல் அந்தப் பெட்டி வரவே கூடாது என்று ஆக்கிவிட்டது. குரோமும் 2020-ல் பெட்டியை ஓரமாக ஒதுக்கி அடக்கிக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. நிஜ உலகில் பெரும்பான்மை மனிதர்கள் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு, சிறுபான்மை நிற்கிற இடத்தை மட்டும் ராத்திரி முழுக்கச் சோதிப்பது என்ன சோதனை?

அனுமதிக்கு மூன்று நிலை உண்டு: கொடுத்தது, மறுத்தது, இன்னும் பதில் சொல்லாதது. மூன்றுக்கும் டெஸ்ட் வேண்டும். மறுத்தவர் தளத்தைத் திறந்தால் எச்சரிக்கை பக்கத்தின் தலைமாட்டிலேயே பெரிதாகத் தெரிகிறதா, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதை எழுத அரை மணி நேரம் போதும்.

அடுத்த பழக்கம், போலி வைப்பது. பக்கத்தில் நோட்டிஃபிகேஷன் காட்டுகிற பகுதியை எடுத்துவிட்டு, அதே பெயரில் வெறுமனே குறித்துக்கொள்கிற ஒன்றை வைத்துவிடுவார்கள். தலைப்பு சரியா, வாசகம் சரியா என்று இதில் பார்க்கலாம். தவறில்லை, வேகமாக ஓடும், வேண்டியதும்கூட. ஆனால் இது நிரூபிப்பது, தளம் கேட்டது என்பதை மட்டும்தான். இன்னும் ஒரு படி போக வழியிருக்கிறது. குரோமின் டெவலப்பர் கருவியில் சர்வீஸ் வொர்க்கர் பகுதியில் 'புஷ்' என்று ஒரு பட்டன் உண்டு. அதே வேலையை நிரல் வழியாகவும் செய்யலாம். அப்போது சர்வீஸ் வொர்க்கர் உண்மையிலேயே எழும், அறிவிப்பை உண்டாக்கும், திரையில் இப்போது என்னென்ன அறிவிப்பு நிற்கிறது என்று அதனிடமே பட்டியல் கேட்கலாம்.

சர்வர் பக்கம் வந்தால் 201 என்ற எண் ஏமாற்றும். செய்தியை கூகுளிடமோ மொசில்லாவிடமோ கொடுத்ததும் அவர்கள் 201 என்று பதில் அனுப்புவார்கள். வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. 2016-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 8030 என்ற தரக் குறிப்பே இதைத் தெளிவாக்கிவிட்டது. போனை மாற்றியவர், அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டவர் முகவரிக்கு அனுப்பினால் 404 அல்லது 410 வரும். அதைக் கவனித்துப் பட்டியலிலிருந்து நீக்குகிறதா என்று சோதிக்கப்படாத சர்வர், உயிரில்லாத முகவரிகளுக்கு வருஷக்கணக்கில் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஆயுள் நேரமும் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு செய்தியோடும், இது எத்தனை நொடிக்குச் செல்லும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். 0 என்று போட்டால், அந்த நேரம் போனில் சிக்னல் இல்லாதவருக்குச் செய்தி கிடைக்கவே கிடைக்காது. அதிகமாகப் போட்டால் வேறு சங்கடம். பலரும் பயன்படுத்தும் ஒரு புஷ் நிரல் நூலகம், நாம் எதுவும் சொல்லாவிட்டால் நான்கு வாரம் என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளம் வடிந்து மணல் தெரிகிற நாளில் போனை இயக்கியவருக்கு, தண்ணீர் வருகிறது என்று அலறும். அப்படி இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை நம்ப மாட்டார்.

எனக்கு மிகவும் பயம் தருவது இன்னொன்று. ஒரே விஷயத்தைப் பற்றிப் பத்து அறிவிப்பு அடுக்காக வந்து நிற்கக் கூடாது என்பதற்காக அறிவிப்புகளுக்கு 'டேக்' என்று ஒரு பெயர் கொடுக்கும் வசதி உண்டு. அதே டேக்கோடு புதியது வந்தால் பழையது மறைந்து அந்த இடத்தில் புதியது நிற்கும். நல்ல வசதிதான். கொள்ளிடத்துக்கு 'கொள்ளிடம்' என்றே டேக் வைத்ததாகக் கொள்வோம். சாயங்காலம் ஆறு மணிக்கு 50,000 கனஅடி திறப்பு என்று அறிவிப்பு வருகிறது. போன் ஒலிக்கிறது, ஊரார் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அது 1.5 லட்சம் கனஅடி ஆகிறது. புதிய அறிவிப்பு வருகிறது, எழுத்து மாறுகிறது, ஆனால் போன் ஒலிக்காது. ஒரே டேக்கில் மாற்றும்போது மறுபடி ஒலி எழுப்பு என்று தனியாகச் சொன்னால்தான் ஒலிக்கும். 'ரீநோட்டிஃபை' என்பது அந்த அமைப்பின் பெயர். சொல்லாவிட்டால் மௌனமாக மாற்றிவிடுவதே இயல்பு.

தானியங்கிச் சோதனை இங்கே என்ன சொல்லும்? பட்டியலைக் கேட்டது, 1.5 லட்சம் என்ற எழுத்து இருக்கிறது, பாஸ். அந்த எழுத்தைத் திருமழபாடியில் காலை ஆறு மணிக்குப் பார்ப்பார்கள். எழுத்தைச் சரிபார்க்கிற டெஸ்டோடு, ரீநோட்டிஃபை இயங்கு நிலையில் இருக்கிறதா என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சரிபார்த்தால் போதும். எல்லா பிரவுசரும் இந்த அமைப்பை மதிப்பதில்லை என்பதால், ஆபத்தின் அளவு கூடும்போது டேக்கையே மாற்றிவிடுவது இன்னும் பத்திரம்.

தமிழில் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை தனி. 'கொள்ளிடம்' ஐந்து எழுத்து. கணினிக்கு அது ஒன்பது குறியீடு, 27 பைட். ஒரு புஷ் செய்தியில் நிச்சயமாக அனுப்பலாம் என்று நம்பத்தக்க உள்ளடக்கம் 3,993 பைட் என்பதால், ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுத் தமிழில் நீளமாக அனுப்பினால் செய்தி திரும்பி வரலாம். நீளத்தைக் குறைக்க நிரல் குறியீட்டை எண்ணி வெட்டினால் புள்ளி ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் போய் 'கொள்ளிடம' என்று நிற்கும். எழுத்தெழுத்தாகப் பிரித்து வெட்டும் வசதி இப்போது எல்லா பெரிய பிரவுசரிலும் இருக்கிறது. அதைவிட முக்கியம், நம் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில் வருவது. 'கொள்ளிடம் ஆற்றில் குளிக்கவோ, மீன் பிடிக்கவோ, கால்நடைகளை இறக்கவோ வேண்டாம்' என்பது ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்புகளின் நடை. பூட்டிய திரையில் முதல் வரி மட்டும் தெரிந்தால் 'குளிக்கவோ, மீன் பிடிக்கவோ' வரைக்கும்தான் கண்ணில் படும். 'ஆற்றில் இறங்காதீர்கள்' என்று தொடங்கினால் பாதியில் வெட்டுப்பட்டாலும் பொருள் நிற்கும். முதல் முப்பது எழுத்துக்குள் தடைச் சொல் இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதலாம். எழுதுங்கள்.

கடைசிக் கை ஆண்ட்ராய்டு. பிரவுசர் கருவிகளால் அங்கே போக முடியாது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆப்பியம் என்ற கருவி நிஜ போனில் மேலிருந்து இழுக்கிற அறிவிப்புத் திரையைத் திறந்து, அதிலிருக்கும் எழுத்தைப் படிக்கும். மெதுவாக ஓடும், அடிக்கடி சிணுங்கும். ஒவ்வொரு பில்டுக்கும் வேண்டாம். வெளியீட்டுக்கு முன் ஒருமுறை, விலை குறைந்த போன் ஒன்றில், பேட்டரி சேமிப்பு இயங்கும்போது ஓட்டிப் பார்த்தால் போதும்.

சோதனைக்கான முகவரிப் பட்டியலும் செய்தி அனுப்பப் பயன்படும் சாவிகளும் நிஜப் பட்டியலிலிருந்து அடியோடு பிரிந்திருக்க வேண்டும் என்பதில் சமரசமே கூடாது. 2018 ஜனவரி 13 காலை 8:07 மணிக்கு, ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்று எல்லார் போனுக்கும் செய்தி போனது. ஒத்திகையின்போது ஓர் ஊழியர் நிஜ எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். தவறு என்று மறுசெய்தி போக 38 நிமிடம் ஆனது. பிள்ளைகளைச் சாக்கடைக் குழிக்குள் இறக்கிய பெற்றோர்கள் உண்டு. திருத்தச் செய்தி எவ்வளவு விரைவில் போகும் என்பதும் சோதிக்க வேண்டிய ஒன்று என்பதை அந்த 38 நிமிடம் காட்டியது.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் டெஸ்டர்கள் பலர் இருப்பது கடிதங்களில் தெரிகிறது. உங்கள் தளம் அனுப்புவது வெள்ளச் செய்தியாக இல்லாமல் பரீட்சை முடிவாகவோ ரத்தப் பரிசோதனை முடிவாகவோ இருக்கலாம். அனுமதி 1 என்று வைத்த டெஸ்டுக்குப் பக்கத்தில் 2 என்று வைத்த ஒன்றை இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். மற்றவர்கள், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் போனை அடுத்த முறை கையில் வாங்கும்போது குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய்ப் பாருங்கள். தெரியாமல் அனுமதி கொடுத்த லாட்டரித் தளங்களை நீக்குங்கள். 1077 என்ற எண்ணை அந்த போனில் பதிந்து கொடுங்கள்.

(தொடரும்)