நகல் இருந்தால் மட்டும் போதுமா?

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்று மகனோ மகளோ ஒருவர் ‘சர்வர்’ சம்பந்தமான உத்தியோகத்தில் இருக்கக் காண்கிறோம். சர்வர் என்றதும் ஹோட்டலில் இட்லி கொண்டுவருபவரே நம் பெரியவர்களுக்கு நினைவில் வருவார். அதில் பெரும் பிழையும் இல்லை. கேட்டதைக் கேட்டவருக்குக் கொண்டுவந்து தருவதே இந்தக் கணினிக்கும் தொழில். அது திடீரென்று படுத்துவிட்டால் என் செய்வது என்பதற்கு வழி தேடியே நம் பிள்ளைகளுள் பலர் இரவெல்லாம் கண் விழிக்கின்றனர். அப்பணி யாதென ஓரளவு விளக்க முயல்வோம்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இவ்விஷயம் முற்றிலும் புதிதன்று. விபத்து நேர்ந்தால் விரைந்து செல்வதற்கென்றே விபத்து நிவாரண ரயில்கள் குறிப்பிட்ட நிலையங்களில் எந்நேரமும் தயாராக நிற்கின்றன. பகலில் 30 நிமிடத்திலும் இரவில் 45 நிமிடத்திலும் அவை புறப்பட வேண்டும் என்பது விதி. வண்டி இருக்க வேண்டும் என்பதோடு விதி நின்றுவிடவில்லை. எத்தனை நிமிடத்தில் என்றும் வரையறுக்கிறது. கணினிக்கும் அவ்வாறே. எத்தனை நேரத்து வேலை அழிந்தால் பொறுத்துக்கொள்வோம்? எத்தனை நேரத்திற்குள் மீண்டும் எழ வேண்டும்? இவ்விரண்டையும் தீர்மானிக்காமல் எத்தனை சர்வர் வாங்கலாம் என்று கேட்பது, பந்திக்கு எத்தனை பேர் என்றறியாமல் உலை வைப்பதைப் போன்றது.

தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியான் நகரத்து அரசாங்கக் கணினி மையத்தில், பாட்டரியில் பற்றிய தீயினால் 600க்கும் மேற்பட்ட அரசுக் கணினிச் சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் தத்தம் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் களஞ்சியம் அடியோடு அழிந்தது. ஆளொன்றுக்கு 30 ஜிகாபைட் இடம். மொத்தம் 858 டெராபைட். வெளியே அதற்கு நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது, ஆகவே நகலெடுக்க இயலவில்லை என்பதே அதிகாரிகள் கூறிய காரணம்.

நாமே ஒரு காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தோம். நொடிக்கு 1 ஜிகாபிட் செல்லும் வழி இடையறாது ஓடினாலும் 858 டெராபைட்டை அனுப்பச் சுமார் 79 நாட்கள் ஆகும்; 10 ஜிகாபிட் வழியாயின் ஏறத்தாழ 8 நாட்கள். இவ்வளவும் முதல் தடவைக்கே. பின்னர் அன்றன்று மாறியதை அனுப்பினால் போதும். நாள்தோறும் நூற்றில் ஒரு பங்கு மாறுவதாகக் கொண்டால், அந்தப் பெரிய வழியில் இரண்டு மணி நேரத்திற்குள் வேலை முடிந்துவிடும். ஆதலின் ‘பெரிது’ என்ற சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. செலவு மிகுதி என்றிருந்தால் ஏற்கலாம். ஆனால் அதைக் கோப்பு வைத்தவர்களிடம் முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும்.

நகல் கிடைத்தும் திண்டாடியவர்கள் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளையிட, சுமார் 300 ஜிகாபைட் விவரங்களில் 4.5 ஜிகாபைட்டே மிஞ்சியது. அன்றாட நகலைத் தேடினால் களஞ்சியம் காலி! நகலெடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரை அடையவில்லை. வேறொரு காரியத்திற்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த நகல் ஒன்று சோதனைச் சர்வரில் இருந்தது தெய்வாதீனம். ஆனால் அந்தச் சர்வரின் வட்டு மந்தமானது. அங்கிருந்து விவரங்களைத் திரும்பக் கொணரவே ஏறத்தாழ 18 மணி நேரம் சென்றது. நடந்ததை ஒளிக்காமல் அந்நிறுவனமே வெளியிட்டது பாராட்டத்தக்கது.

நகல் நாள்தோறும் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது; மீட்பு நாளிலோ வெள்ளமாகத் திரும்ப வேண்டும். ஆகவே வட்டின் வேகத்தையும் வழியின் அகலத்தையும் அந்த ஒரு நாளை மனத்திற்கொண்டே அளக்க வேண்டும். எழுப்பும் வரிசையும் முக்கியம். முதலில் பெயரும் முகவரியும் காட்டும் சர்வர், அடுத்து விவரக் களஞ்சியம், அதன் மேல் இயங்கும் நிரல்கள், கடைசியாகப் பொதுமக்களுக்கான வாசல். இவ்வரிசையை நடத்தும் கணினியை எரியக்கூடிய அதே கட்டடத்தில் வைப்பவர்களும் உளர்!

இவையெல்லாம் நமக்கு எடுத்துரைத்தவர், இத்தொழிலில் உள்ள நம் அன்பர் ஒருவரின் குமாரர். அவர்கள் சென்ற ஒத்திகையில் நான்கு மணி நேரம் என்று எதிர்பார்த்த மீட்பு பதினொரு மணி நேரம் இழுத்ததாம். எல்லாச் சர்வர்களும் ஒரே வட்டிலிருந்து ஒரே சமயத்தில் இழுத்ததே காரணம். இப்போது வேகமான வட்டுகள் வந்திருக்கின்றன. அடுத்த ஒத்திகை இம்மாதக் கடைசி ஞாயிறு இரவு. அன்றைய சங்கக் கூட்டத்திற்கு வர இயலாதென்று இப்போதே தெரிவித்துவிட்டார்.