வால்பாறைக்கு சைக்கிளில் போறீங்களா? இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க!

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கி.மீ. ஆழியாறு அணை வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஜாலியாக மிதிக்கலாம். வனத்துறை சோதனைச்சாவடியைத் தாண்டினால் மலையேற்றம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்!

9-வது வளைவில் இருக்கும் 'லோம்ஸ் வியூ'வில் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். கீழே ஆழியாறு அணை அழகாகத் தெரியும். அந்தப் பகுதியில் வரையாடுகளையும் பார்க்கலாம். இது ஆனைமலை புலிகள் காப்பகம் என்பதால், விலங்குகளை நெருங்கவோ தீனி போடவோ கூடாது. வால்பாறையை நெருங்கும்போது, புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். வாகனங்களில் அடிபட்டு அவை இறப்பதும் உண்டு. அங்கே மெதுவாகச் செல்லுங்கள்.

உண்மையான ஆபத்து இறக்கத்தில்தான். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் சூடேறி, பிடிமானம் குறையும். விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஒரே நாளில் ஏறி இறங்காமல், வால்பாறையில் தங்கி மறுநாள் காலை திரும்புங்கள். இருட்டிய பிறகு யானைகள் நடமாடும் பாதை இது!